மருத்துவமனையில் தொழிற்சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், வார்டு உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எனப் பலரும் மறுபடி மறுபடி கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அரசு மருத்துவமனைக்கும் டிரஸ்ட் மருத்துவமனைக்கும் தனிக் கேள்விகள் கீழே உண்டு. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சங்கச் சட்டம் (1926), நிலையாணைகள் சட்டம் (1946), தொழில் தகராறுகள் சட்டம் (1947) ஆகிய மூன்றின் இடத்துக்கும் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. கீழே 'தொகுப்பு' என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

ஆஸ்பத்திரி என்ன ஃபாக்டரியா? அங்கே எப்படிச் சங்கம் வைக்க முடியும்?

வைக்கலாம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவிலேயே இருக்கிறது. மருத்துவமனை ஒரு 'தொழில்'தானா என்ற கேள்வி மட்டும் நீதிமன்றத்தில் நெடுங்காலம் இழுபட்டது. 1960இல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. 1970இல் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் இல்லை என்றது. 1978இல் பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, முதலாளி–தொழிலாளி ஒத்துழைப்போடு முறையாக நடக்கும் சேவை எதுவும் தொழில்தான், லாபம் இருக்கிறதா என்பது பொருட்டல்ல என்று முடிவு செய்தார்கள். மருத்துவமனைகளும் அதில் அடங்கும்.

"மருத்துவம் சேவை, இங்கே சங்கம் கூடாது" என்று ஹெச்.ஆர். சொன்னால் அது அவருடைய கருத்து மட்டுமே.

நர்ஸ், டாக்டர், லேப் ஆட்கள், ஹவுஸ்கீப்பிங் அக்கா எல்லாரும் ஒரே சங்கத்தில் சேரலாமா?

சேரலாம். சங்க உறுப்பினராவதற்கு 'தொழிலாளி' என்ற சொல்லின் பொருள் அகலமானது: அந்தத் தொழிலில் வேலை செய்யும் யாரும் அதில் வருவார்கள். பணிநீக்கம் போன்ற தகராறைத் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகும்போது பொருள் குறுகிவிடும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வரமாட்டார்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர் விஷயத்தில்தான் சிக்கல் வரும். பெயர் இன்சார்ஜ் என்பதாலேயே ஒருவர் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டார். அவருடைய முக்கிய வேலை என்ன என்றுதான் தீர்ப்பாயம் பார்க்கும். ஊசி போடுகிறார், டிரிப் ஏற்றுகிறார், ரவுண்ட்ஸ் எழுதுகிறார், கூடவே ரோஸ்டரும் போடுகிறார் என்றால் அவர் தொழிலாளிதான் என்று வாதிட இடம் இருக்கிறது. லீவு அனுமதிக்கும் அதிகாரம், தண்டிக்கும் அதிகாரம் கையில் இருந்தால் அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்?

விண்ணப்பத்தில் குறைந்தது 7 பேர் கையெழுத்து வேண்டும். அத்துடன், விண்ணப்பிக்கும் நாளில் அந்த நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 400 பேர் வேலை செய்யும் மருத்துவமனைக்கு 40 பேர். 3,000 பேர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு 100 பேர் போதும். பதிவுக்குப் பிறகும் இந்த எண்ணிக்கை குறையக் கூடாது.

சரியாக 40 பேரோடு போகாதீர்கள். விசாரணை நடக்கும் வாரங்களில் நான்கு பேர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் பதிவு சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம். நர்ஸ்கள் வேலை மாறுவது அதிகம். ஆகவே தேவையைவிட ஒன்றரை மடங்கு உறுப்பினர்களைச் சேர்த்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

என்னென்ன காகிதம் தயார் செய்ய வேண்டும்?

முதலில் பொதுக்குழுக் கூட்டம். மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, டியூட்டி இல்லாத நேரத்தில் நடத்துங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் தேதி, இடம், வந்தவர்கள் கையெழுத்து, சங்கத்தின் பெயர், விதிகளை ஏற்ற தீர்மானம், தேர்ந்தெடுத்த நிர்வாகிகள் என எல்லாம் அன்றைக்கே எழுதப்பட வேண்டும். விதிகளில் சங்கத்தின் நோக்கம், சந்தா, நிதியை எதற்குச் செலவிடலாம், தேர்தல் எப்படி, கணக்குத் தணிக்கை எப்படி, கலைக்க வேண்டுமானால் எப்படி என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி உறுப்பினர் படிவமும் சந்தா ரசீதும் வேண்டும். இவற்றோடு விண்ணப்பத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துத் தொழிலாளர் துறையில் உள்ள சங்கப் பதிவாளரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

அந்த முத்திரை முக்கியம். பதிவு இழுத்தடிக்கப்பட்டால் நீதிமன்றம் போக அதுதான் ஆதாரம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் பதிவு கேட்டு விண்ணப்பித்து, வேலைநிறுத்தமும் செய்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போன பிறகே 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. வேறு தொழிலாக இருந்தாலும் படிக்க வேண்டிய பாடம் ஒன்றுதான்.

வெளியாள் தலைவராக இருக்கலாமா?

இருக்கலாம், அளவோடு. மருத்துவமனை போன்ற அமைப்பில் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அதுவரை வெளியாட்கள் வரலாம். சட்டம் தெரிந்த ஒருவர் வெளியிலிருந்து இருப்பது பெரிய பலம், ஏனென்றால் அவருக்கு மெமோ கொடுக்க முடியாது. ஆனால் செயலாளரும் பொருளாளரும் வார்டில் வேலை செய்பவர்களாக இருக்கட்டும். அன்றாடப் பிரச்சினை அவர்களுக்குத்தான் தெரியும்.

பதிவாகும் முன்பே நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

பெரும்பாலும் தெரிந்துதான் போகும். வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும். அதனால் உறுப்பினர் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். மருத்துவமனைக் கம்ப்யூட்டர், பிரிண்டர், அலுவலக மெயில் எதையும் தொடாதீர்கள். டியூட்டி நேரத்தில் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். 'வேலை நேரத்தில் வேறு வேலை' என்று மெமோ கொடுக்க நாமே வழி செய்து கொடுத்ததாக ஆகிவிடும்.

சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது, சங்கம் உருவாகும் நேரம் பார்த்துச் சம்பளத்தை ஏற்றி அதைக் கலைக்க முயல்வது, நிர்வாகமே ஒரு போட்டிச் சங்கத்தை வளர்ப்பது, பழிவாங்க இடம் மாற்றுவது எல்லாம் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையில் நேர்மையற்ற தொழில் நடைமுறைகள் என்று எழுதப்பட்டிருக்கின்றன. அபராதம் 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. அதே அட்டவணையில் சங்கங்கள் செய்யக்கூடாதவையும் உண்டு: அதிகாரிகளைக் கெரோ செய்வது (சூழ்ந்து நின்று வெளியே விடாமல் மறிப்பது), அவர்கள் வீட்டு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்வது, வேலைக்கு வருபவரை வாசலில் மறிப்பது. இந்த மூன்றில் ஒன்றைச் செய்தாலும் நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்கு திரும்பிவிடும்.

சங்கத்தில் சேர்ந்த மாதத்திலிருந்து எனக்கு மட்டும் தொடர்ந்து நைட் டியூட்டி. இதை எப்படி நிரூபிப்பது?

வாயால் சொன்னால் நிற்காது. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வார்டு, ஷிஃப்ட், அன்றைக்கு இருந்த நோயாளிகள் எண்ணிக்கை, பணியில் இருந்த நர்ஸ் எண்ணிக்கை, டபுள் டியூட்டி என்றால் யார் சொல்லிப் பார்த்தீர்கள் என்று ஆறு கட்டம். அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதிய நோட்டைக் குறுக்கு விசாரணையில் நொடியில் உடைத்துவிடுவார்கள். சங்கத்தில் சேர்வதற்கு முந்தைய ஆறு மாத ரோஸ்டரும் பிந்தைய ரோஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

ரோஸ்டரைப் படம் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் பெயர் உள்ள டியூட்டி பட்டியல் மட்டும் போதும். நோயாளி பெயர், கேஸ் ஷீட், மானிட்டர் எதுவும் படத்தில் விழக்கூடாது. நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டு வந்துவிட்டால் சங்கத்தால் காப்பாற்றுவது கடினம்.

இந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு 1 நர்ஸ், போதனா மருத்துவமனையில் 3க்கு 1, ஐசியூவில் 1க்கு 1. முப்பது படுக்கை வார்டில் இரவில் இரண்டே பேர் என்று மூன்று மாதக் கணக்கு காட்டினால், அது உங்கள் தனிப்பட்ட குறையாக இல்லாமல் நோயாளி பாதுகாப்புப் பிரச்சினையாக மேசைக்கு வரும். சங்கத்தின் பேச்சுக்கு எடை கூடுவது இப்படிப்பட்ட கணக்கால்தான்.

எங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே குறைதீர் குழு இருக்கிறதே, சங்கம் எதற்கு?

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் குறைதீர் குழு இருந்தே ஆக வேண்டும். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மிகாமல், பெண்களுக்கு அவர்கள் விகிதத்துக்குக் குறையாத இடம். புகார் வந்த 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். அப்படிப் போவது நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாக என்று சட்டமே சொல்கிறது. குழு முதல் படி, சங்கம் இரண்டாவது படி. முதல் படியோடு நின்றுவிடும் மருத்துவமனைகளில் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகளை நிர்வாகமே நியமித்திருக்கும். யார், எப்போது, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

சங்கம் பதிவாகிவிட்டது. இனி நிர்வாகம் பேசியே ஆக வேண்டுமா?

பதிவு வேறு, பேச்சுவார்த்தை உரிமை வேறு. மஸ்டர் ரோலில் (பணியாளர் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு இருந்தால் தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லாவிட்டால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மஸ்டர் ரோலில் வருவது மருத்துவமனை நேரடியாக வேலைக்கு வைத்தவர்கள் மட்டுமே. ஏஜென்சி மூலம் வரும் துப்புரவு, செக்யூரிட்டி, வார்டு உதவியாளர்கள் அதில் இல்லை. அதனால் அவர்களைச் சங்கத்தில் சேர்த்தாலும் 51 சதவீதக் கணக்குக்கு உதவ மாட்டார்கள். அதற்காக அவர்களை விட்டுவிடக் கூடாது. அவர்களை விட்டுவிட்ட சங்கம் போராட்ட நாளில் பாதி ஆஸ்பத்திரி வழக்கம்போல் நடப்பதைப் பார்க்க நேரும்.

நாங்கள் ஏஜென்சி ஆட்கள். எங்களுக்குச் சங்கம் என்ன செய்யும்?

ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளியான மருத்துவமனை தர வேண்டும். இதை எழுத்தில் கேட்கவும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று மாதாமாதம் பார்க்கவும் சங்கம் வேண்டும். ஏஜென்சி மாறும்போதுதான் பணிக்காலம், போனஸ், கடைசி மாதச் சம்பளம் எல்லாம் காணாமல் போகும். ஒப்பந்தம் முடியும் தேதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவமனைக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்து ஒரு கடிதம் போடுங்கள்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்று பாண்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சங்கத்தில் சேர பயமாக இருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சான்றிதழ் உங்கள் சொத்து. சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டியது. பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் சட்ட அதிகாரம் கிடையாது. முதலில் பதிவுத் தபாலில் கேளுங்கள், பதில் வராவிட்டால் காவல் நிலையத்தில் புகார். இருபது பேர் சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் பெரும்பாலும் காவல் நிலையம் வரை போக வேண்டிவராது.

பாண்ட் அவ்வளவு நேரானது அல்ல. எல்லா பாண்டும் செல்லாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. உங்களுக்கென்று ஒரு பயிற்சியும் தராமல், பத்தாயிரம் சொச்சம் சம்பளத்தில் வேலை வாங்கிவிட்டு லட்சக்கணக்கில் கேட்டால் எதிர்க்க வலுவான காரணம் இருக்கிறது. சங்கத்தில் சேர்வதை பாண்ட் எதுவும் தடுக்க முடியாது.

நர்ஸ்களுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாமே?

பாதி சரி. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் சொன்னது. குழுவின் பரிந்துரை இது: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

பரிந்துரை சட்டம் ஆகாது. மாநில அரசு ஆணை போட்டால்தான் கட்டாயமாகும். கேரளாவில் 2011இல் தொடங்கிய நர்ஸ்கள் சங்கத்தின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் அந்த அரசு 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. அதே பரிந்துரை எல்லா மாநிலத்திடமும்தான் இருந்தது. உங்கள் கோரிக்கைப் பட்டியலில் படுக்கை எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, அந்த வரிசையில் உங்கள் மருத்துவமனை எங்கே வருகிறது என்று எழுதுங்கள்.

செயலாளரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

அன்றே சமரச அதிகாரிக்கு மனு. காலக்கெடு இரண்டு ஆண்டு என்றாலும் காத்திருந்தால் சாட்சிகள் வேறு ஊர் போய்விடுவார்கள். சமரசம் தோற்றால், அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயம் போகலாம். பழைய சட்டத்தில் சங்கம் எழுப்பும் தகராறுக்கு அரசு பரிந்துரைக்க வேண்டியிருந்தது, இப்போது அந்தத் தடை இல்லை.

இதைத் தடுக்க முன்கூட்டியே செய்ய வேண்டியது, 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' பட்டியல். மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர் என நிர்வாகிகளுக்கு இந்த அந்தஸ்து கேட்கலாம். தகராறு நிலுவையில் இருக்கும்போது அவர்களை நீக்கவோ தண்டிக்கவோ முன் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் எழுத்தில் கேட்க வேண்டும், தானாக வராது. பல சங்கங்கள் இந்த ஒரு கடிதத்தைப் போடாமல் விட்டுத் தலைவர்களை இழக்கின்றன.

குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பாகக் கருதப்படாது. அதனால் முடிந்தவரை நிரந்தரப் பணியாளர்களை முன்வரிசை நிர்வாகிகளாக நிறுத்துங்கள்.

ஸ்டிரைக் செய்யும் உரிமை இருக்கிறதா, இல்லையா?

தனியார் துறையில் இருக்கிறது, ஆனால் வாசல் மிகவும் குறுகிவிட்டது. 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். அந்த அறிவிப்பு 60 நாள் வரை செல்லும். அறிவிப்பு போனதும் சமரச அதிகாரி கூட்டம் போடுவார். முதல் கூட்டத்திலிருந்து சமரசம் முடியும் வரையும், முடிந்த பிறகு 7 நாளும் ஸ்டிரைக் சட்டவிரோதம். தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால் அது முடியும் வரையும், அதற்குப் பிறகு 60 நாளும் தடை. சட்டவிரோத ஸ்டிரைக்கில் பங்கேற்றால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு இன்னும் அதிகம்.

மருத்துவமனை உயிர்காக்கும் சேவை என்பதால் ஸ்டிரைக்கைக் கட்டுப்படுத்தலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஏற்கிறது. ஆனால் அப்படிக் கட்டுப்படுத்தினால், பதிலுக்கு வேகமான, நடுநிலையான சமரசமும் நடுவர் தீர்ப்பும் தர வேண்டும் என்கிறது. இங்கே கட்டுப்பாடு வந்துவிட்டது, வேகம் வரவில்லை. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமை பற்றிய அந்த அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவும் இல்லை. சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

எல்லாரும் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் அது ஸ்டிரைக் ஆகாதே?

ஆகும். 50 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் ஸ்டிரைக் என்றே தொகுப்பு சொல்கிறது. முந்தைய பதிலில் சொன்ன முன்னறிவிப்பும் தண்டனையும் இதற்கும் பொருந்தும். கறுப்பு பேட்ஜ், உணவு இடைவேளை ஆர்ப்பாட்டம், டியூட்டி முடிந்து வாயிற்கூட்டம் ஆகியவை இதில் வராது.

ஸ்டிரைக் அன்று ஐசியூ நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

எல்லா வழியும் அடைபட்டு, சட்டப்படி அறிவிப்பும் கொடுத்து ஸ்டிரைக் என்று முடிவானால், அறிவிப்புக் கடிதத்தோடு சேர்த்தே விலக்குப் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள்: ஐசியூ, அவசரப் பிரிவு, பிரசவ அறை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, டயாலிசிஸ், அவசர அறுவை அரங்கு. அங்கே யார் எந்த ஷிஃப்ட் என்று பெயரோடு போட்டு, மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மற்ற வார்டிலிருந்து வெளியேறுபவரும் அப்படியே எழுந்து போகக் கூடாது. ஓவர் கொடுக்க வேண்டும், அதாவது அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கைக்கும் அடுத்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த டிரிப் ஓடுகிறது, யாருக்கு ஆக்சிஜன் என்று எழுதி, போதை மருந்துப் பதிவேட்டில் ஆம்பூல்களை எண்ணி, அலமாரிச் சாவியோடு ஒப்படைத்து, வாங்கியவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். வாங்க யாரும் வராவிட்டால் வார்டை விட்டுப் போகாதீர்கள். நோயாளியைக் கைவிட்டார்கள் என்ற ஒரே குற்றச்சாட்டு போதும், ஊர் மக்களும் நீதிமன்றமும் சங்கத்துக்கு எதிராகத் திரும்ப.

எங்களுடையது டிரஸ்ட் ஆஸ்பத்திரி. தொகுப்பு எங்களுக்குப் பொருந்தாது என்கிறார்களே?

கடினமான கேள்வி. முழுமையாகவோ பெரும்பகுதியோ தர்மப் பணியில் ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து தொகுப்பு விலக்கியிருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன 1978 தீர்ப்பைவிட இது குறுகலானது. ஆனால் பெயர்ப்பலகையில் டிரஸ்ட் என்று இருப்பது மட்டும் போதாது. இலவசப் படுக்கை எத்தனை, கட்டணம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஈடா, உபரி எங்கே போகிறது என்ற உண்மைகளை வைத்தே முடிவாகும். கட்டண விவரம், ரசீது, அறக்கட்டளையின் ஆண்டறிக்கை ஆகியவற்றை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பேறுகாலப் பயன், பாலியல் தொல்லை விசாரணைக் குழு ஆகியவை இந்த வரையறையை நம்பி இல்லை. அவற்றில் தொடங்குங்கள். சங்கப் பதிவு மறுக்கப்பட்டாலும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஓர் அமைப்பாகப் பதிந்து இயங்கலாம். ஆனால் அதற்குப் பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற தகுதி கிடைக்காது.

அரசு மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு?

சங்கம் வைக்கலாம். ஸ்டிரைக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் சொல்கின்றன. 2003 ஜூலையில் டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

ஆனால் பழிவாங்கலைத் தட்டிக்கேட்கும் வழி அடைபடவில்லை. 2019 அக்டோபர் 25 முதல் அரசு மருத்துவர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு பலர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடமாற்றங்களை ரத்து செய்தது. தொகுப்பூதிய நர்ஸ்களுக்கு வலுவான வாதம் 'சம வேலைக்குச் சம ஊதியம்'. நிரந்தர நர்ஸும் நீங்களும் ஒரே ரோஸ்டரில், ஒரே வார்டில், ஒரே பொறுப்பில் இருப்பதைக் காட்டும் பதிவுகள் வேண்டும். மேலே சொன்ன ஆறு கட்ட நோட்டு இங்கேயும் உதவும்.

எல்லாம் சரியாகப் போகிறது. ஆனாலும் சங்கப் பதிவு ரத்தாகுமா?

ஆகலாம், பெரும்பாலும் நம் அலட்சியத்தால். ஆண்டுக் கணக்கு அறிக்கையை உரிய தேதிக்குள் அனுப்பாதது, நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்காதது, விதியில் சொன்ன காலத்தில் தேர்தல் நடத்தாதது, உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தது ஆகியவைதான் காரணமாகக் காட்டப்படும். சந்தாவை ரொக்கமாக வாங்கினாலும் ரசீது கொடுத்து, அதே வாரம் சங்க வங்கிக் கணக்கில் கட்டுங்கள். பொருளாளர் வேலை மாறிப் போகும் நாளில் ரசீதுப் புத்தகம், காசோலைப் புத்தகம், மினிட்ஸ், உறுப்பினர் பதிவேடு நான்கையும் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். ஒரு நகல் மருத்துவமனைக்கு வெளியே, வெளியிலிருந்து வந்த நிர்வாகி ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.